சொட்டு விழுந்தால்தான் படகு ஓடும்

திருவண்ணாமலைக்காரர்கள் கடல் பார்க்க வேண்டுமென்றால் பாண்டிச்சேரி பஸ் பிடிக்க வேண்டும், நூறு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் பெரிய தண்ணீர் என்றால், தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணைதான். இந்த ஊரில் உட்கார்ந்து படகு ஒழுகுவதைப் பற்றிப் பேசுவதா என்று சிரிக்காதீர்கள். சந்தையில் நீங்கள் பேரம் பேசும் வஞ்சிரம், அந்த ஒழுகலைத் தாண்டித்தான் வருகிறது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். மீன்பிடி விசைப்படகில் இன்ஜின் உள்ளே, புரொப்பல்லர் வெளியே தண்ணீருக்குள். நடுவில் ஓடும் ஷாஃப்ட், படகின் பின்பக்கம் ஓர் ஓட்டை வழியாகத்தான் வெளியே போகிறது. சுற்றிக்கொண்டே இருக்கும் கம்பியைச் சுற்றி எப்படி அடைப்பது? கிரீஸ் ஏறிய கயிற்றை வளையம் வளையமாக வெட்டி, ஒன்றின் வெட்டுவாய் அடுத்ததின் வெட்டுவாய்க்கு நேரே வராமல் அடுக்கி, நட்டைப் போட்டு இறுக்குகிறார்கள். கிளாண்ட் பேக்கிங் என்பது இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், முழுசாக அடைக்கவும் கூடாது. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது. பயந்துபோய் ஒரேயடியாக இறுக்கினால் கயிறு கருகும், ஷாஃப்டில் கோடு விழும். அதன்பிறகு எத்தனை புதுக்கயிறு வைத்தாலும் ஒழுகும்!

வெளிநாட்டு உல்லாசப் படகுகளில் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவ் வேறு ரகம். 1959-ல் வோல்வோ பென்டா 'அக்வாமேட்டிக்' என்று கொண்டுவந்தது. இதில் கியர்பெட்டியே வெளியே தொங்கும். இடையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. வயதாக ஆக மடிப்புக்குள் விரிசல் விடும், நேராகப் பார்த்தால் தெரியாது, விரித்துப் பார்க்க வேண்டும். கியர் ஆயில் பால்காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஆயிலை வடித்துவிட்டு, காற்றை ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அதோடு விடாமல் காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும். உள்ளிருந்து தள்ளினால் தாங்கும் சில சீல்கள், வெளியிலிருந்து இழுத்தால் விட்டுவிடும்.

எந்தப் படகானாலும் முதல் வேலை, அடித்தளத்தைத் துடைத்துக் காயவைத்துப் பவுடர் தூவுவது. தண்ணீர் வந்த தடம் கோடு போட்டுக் காட்டும். நாக்கும் ஒரு கருவிதான்: உப்புக் கரித்தால் கடல், கரிக்காவிட்டால் மழையோ இன்ஜின் கூலன்ட்டோ (கூலன்ட் விஷம், துப்பிவிடுங்கள்). சாத்தனூரில் இந்த வித்தை பலிக்காது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வரவு நின்றுபோகும் அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றிச் செலவு செய்தாக வேண்டும். ஆனால் கிளாண்டைக் கரையில் சோதிக்க முடியாது. படகைத் தண்ணீரில் இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பேனரும் டார்ச்சுமாகப் பின்பக்கம் குனிந்து உட்கார்ந்து, நட்டைக் கால் சுற்று திருப்பிவிட்டு சொட்டுகளை எண்ண வேண்டும். பிறகு இன்னொரு கால் சுற்று.