தறி நாட்டில் கிதார்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் மல்லூரைக் கடந்ததும், கிழக்கே போதமலையும் அதற்கப்பால் கொல்லிமலையும் நீல மதிலென நிற்கக் காணலாம். இடையிலுள்ள சமவெளியில் மரவள்ளியும் நிலக்கடலையும் விளைகின்றன. ராசிபுரத்தில் பட்டுத்தறிகள், நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எனினும் 1930-இல் தோன்றிய சேலம் மறைமாவட்டம் இன்றும் இரு மாவட்டங்களையும் தன்னுள் கொண்டுள்ளது.

கைத்தொழிலால் வாழும் இம்மண்ணில், ஐம்பதைக் கடந்த ஒருவர் ஆலயப் பாடகர் குழுவுக்காகக் கிதார் பயில விரும்பினால் இயலுமா?

கிதார் ஆலயத்துக்கு அந்நியமன்று. 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் சிற்றூரில் 'சைலண்ட் நைட்' கீதம் முதன்முதல் ஒலித்தபோது, அதை இயற்றிய குரு ஜோசப் மோர் கிதாரையே மீட்டினார். ஆர்கனைப் போற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், தகுந்த பிற இசைக்கருவிகளுக்கும் 1963-இல் வழி திறந்தது.

முதியவருக்குத் தடையாவது, கார்டு எனப்படும் சுரக்கூட்டை அழுத்துவதன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதே. 'சி' கார்டிலிருந்து 'ஏ மைனர்' செல்ல, சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மோதிரவிரல் மட்டும் ஐந்தாம் நரம்பை விட்டு மூன்றாம் நரம்புக்கு வரவேண்டும். 'சி'யிலிருந்து 'ஜி' செல்லவோ, விரல்கள் அனைத்தும் ஒருங்கே எழுந்து புதிய இடம் தேடவேண்டும். அந்த ஒரு நொடியில்தான் பாட்டு அறுபடுகிறது.

ஆயினும், தறிக்குழியில் அமர்ந்திருப்பவரைப் பாருங்கள். மிதியை அழுத்துகிறார், பாவு பிரிகிறது, நாடா ஓடுகிறது. லாரி ஓட்டுநர் கிளச்சை மிதித்துக் கியரை மாற்றும்போது அவர் கண் சாலையில்தான் இருக்கிறது. இவை முதல் நாளிலேயே வாய்த்தவை அல்ல. கை திரும்பத் திரும்பச் செய்து கற்றவை. கிதாருக்கும் வழி அதுவே.

இரண்டே கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தெளிவாக மாற முடிகிறது என எண்ணுங்கள், மறுநாளும் எண்ணுங்கள். வலக்கைத் தாளம் நிற்கக் கூடாது. இடக்கை பின்தங்கினால் தாளத்தையே மெதுவாக்குங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். எஃகு நரம்பைவிட நைலான் நரம்பு விரலுக்கு இதமானது. நுனித்தோல் சில வாரங்களில் தடித்துவிடும். ஆனால் மூட்டில் வலி கண்டால் ஓய்வு தேவை.

இதனினும் பெரிய தடை கூச்சம். பேரனுக்குப் பாடம் சொல்லும் வயதில் பேரனிடம் பாடம் கேட்பது இழிவன்று. இளையோர் படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் சென்றுவிட, மீட்ட ஆளின்றிக் கிதார் மூலையில் கிடக்கும் ஊர்களில், மூன்று கார்டுகளைத் தடையின்றி மாற்றத் தெரிந்த ஒரு மூத்தவர் போதும். எளிய பாடல்கள் பல அவற்றுக்குள்ளேயே அடங்கும். ஊர்ந்தாலும் நிற்காத நாடாவே சேலையை நெய்து முடிக்கிறது.