பஞ்சைக் களையும் உருளை

மான்செஸ்டருக்குத் தெற்கே, ஸ்டையல் கிராமத்தில் ஆற்றையொட்டி நிற்கிறது குவாரி பேங்க் பஞ்சாலை. 1784இல் சாமுவேல் கிரெக் தொடங்கியது, இன்று அருங்காட்சியகம். பழைய கார்டிங் மெஷின் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். கம்பிமுள் போர்த்திய பெரிய உருளை பஞ்சைச் சிக்கெடுக்கிறது. அதை ஒட்டிச் சுழலும் சிறிய உருளை அந்தப் பஞ்சை வாங்கி, பாலாடை போல மெல்லிய படலமாக வெளியே விடுகிறது.

“இதுதான் டாஃபர்” என்றார் ஓட்டியவர்.

கோவை மில்களில் புழங்கும் சொல்தான். அங்கே டாபர் என்றால் ஆளையும் குறிக்கும்: ஸ்பின்னிங்கில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி, வெறும் பாபின்களை மாட்டுபவர்.

‘டாஃப்’ பிறந்தது உடுப்பிலிருந்து. பழைய ஆங்கிலத்தில் உடுத்துவதற்கு ‘டூ ஆன்’ என்றும் களைவதற்கு ‘டூ ஆஃப்’ என்றும் சொன்னார்கள். பேச்சில் ஒட்டிக்கொண்டு அவை ‘டான்’, ‘டாஃப்’ ஆயின. விளக்கை அணைக்க ‘டவுட்’, கதவைத் திறக்க ‘டப்’ என்று உடன்பிறப்புகளும் இருந்தன. ‘டூ அவுட்’, ‘டூ அப்’ என்பவற்றின் சுருக்கங்கள் அவை. இன்று பொதுவழக்கில் இல்லை. டாஃபும் போயிருக்க வேண்டியது. 1755இல் வெளியான தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் அதை வழக்கொழிந்த சொல் என்றே எழுதினார். நாட்டுப்புறத்தார்தான் இன்னும் சொல்கிறார்கள் என்றார். அடுத்த நூற்றாண்டில் எழுத்தாளர்கள் அதை மீட்டு, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வதற்கு வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஆலைப் பொருளே பொருத்தமாகப் படுகிறது. உருளைமேல் போர்த்திய கம்பிமுள்ளுக்கே ‘கார்ட் குளோதிங்’, அதாவது உடுப்பு என்றுதான் பெயர். அதன்மேல் படிந்த பஞ்சைக் களைவது டாஃபர்.

சற்றுத் தள்ளி அப்ரெண்டிஸ் ஹவுஸ். ஏழைகள் விடுதிகளிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகளைத் தங்கவைத்து ஆலையில் வேலை வாங்கினார்கள். சிறிய படுக்கைகளைப் பார்க்கையில் மனம் கனத்தது. பாபின் கழற்றும் வேலை நெடுங்காலம் சிறுவர் தலையில்தான் விழுந்தது. 1909இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படத்தில், எட்டாத உயரத்துக்காக மெஷின்மேல் ஏறி நிற்கிறார்கள் இரண்டு பையன்கள். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக அமெரிக்காவில் நடந்த இயக்கத்துக்கு இத்தகைய படங்கள் சாட்சியாயின.

இப்போது புதிய மெஷின்களில் பாபின்களைத் தானே கழற்றி மாட்டும் கருவி வந்துவிட்டது. அதையும் ‘ஆட்டோ டாஃபர்’ என்றே அழைக்கிறார்கள்.