பிறந்த திகதிக்கு நேர வலயம் இல்லை

எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களுக்காக ஒரு இணையத்தளம் செய்துகொண்டிருக்கிறம். வேர்ட்பிரஸில்தான் வேலை. ஒவ்வொருவருக்கும் ஒரு புரொபைல் பக்கம்: பெயர், படித்த காலம், பிறந்த திகதி, தளத்தில் இணைந்த திகதி. படங்களைச் சேர்ப்பதும் பெயர்களைச் சரிபார்ப்பதும்தான் நேரம் எடுக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அதிக நேரம் எடுத்தது திகதிகள். ஒரு திகதியைக் காட்டுவதில் என்ன பெரிய வேலை இருக்கு என்று கேட்பவர்களுக்காகவும், இப்படி ஒரு தளம் செய்ய நினைத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுறம்.

முதலில் சின்ன விசயம். 05/06/1998 என்றால் என்ன நாள்? எங்களுக்கு அது யூன் 5. அமெரிக்காவில் இருக்கிறவருக்கு மே 6. எங்கட அரச கடிதங்களில் ஆண்டு முன்னுக்கு வந்து 1998.06.05 என்றிருக்கும். எங்கட பழைய மாணவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கினம், ரொறன்ரோவிலும் இருக்கினம். ஆகவே மாதத்தை எழுத்தில் காட்டுவது என்று முடிவெடுத்தம். வேர்ட்பிரஸின் பொது அமைப்புகளில் திகதி வடிவத்துக்கென்று ஒரு பெட்டி இருக்கு. அதில் இடுகிற ஆங்கில எழுத்துகள்தான் நாள், மாதம், ஆண்டு எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்று சொல்லும். சிறிய ஜே போட்டால் நாள், பெரிய எஃப் போட்டால் மாதத்தின் முழுப்பெயர், பெரிய வை போட்டால் நான்கு இலக்க ஆண்டு.

மாதத்தை எழுத்தில் காட்டலாம், சரி. எந்த எழுத்தில்? மென்பொருள்களில் பொதுவாக வருகிற தமிழ், ஆகஸ்ட், அக்டோபர் என்றுதான் எழுதும். நாங்கள் ஒகஸ்ட், ஒக்டோபர் என்று எழுதி வளர்ந்தவர்கள். எங்கட அம்மம்மாமாருக்கோ ஜனவரி தை, யூலை ஆடி. 83இல் நடந்ததை இன்றைக்கும் ஆடிக் கலவரம் என்றுதான் சொல்லுறம். எங்களுக்குள் கதைக்கும்போது இது விளங்கும். ஆனால் பஞ்சாங்கப்படி ஆடி பிறப்பது யூலை நடுப்பகுதியில். 'ஆடி 5' என்று தளத்தில் போட்டால், தமிழ்நாட்டில் இருந்து பார்க்கிறவர் அதை யூலை 20, 21 என்று எடுத்துக்கொள்வார். அதனால் ஆங்கில மாதப் பெயர்களை எங்கட எழுத்துமுறையில் வைத்தம். மொழிபெயர்ப்புக் கோப்பில் சில சொற்களை மாற்றினால் போதும். வேலை சின்னன், ஆனால் பக்கத்தைத் திறந்ததும் இது எங்கட தளம் என்று தெரியும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. திகதிகள் எல்லாம் ஒரே இனம் இல்லை.

இணைந்த திகதியை எடுங்கோ. அது ஒரு கணம். ஒருவர் பொத்தானை அழுத்திய அந்த நொடி உலகம் முழுக்க ஒரே நொடிதான். வேர்ட்பிரஸ் அதை உலகப் பொது நேரத்தில், அதாவது கிரீன்விச் நேரத்தில் சேமிக்கிறது. எங்கட நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. ஜனவரி முதலாம் திகதி அதிகாலை 3 மணிக்கு ஒருவர் இணைந்தால், தரவுத்தளத்தில் டிசம்பர் 31 இரவு 9.30 என்றிருக்கும். அதை அப்படியே எடுத்துக் காட்டுகிற தீம்கள் இருக்கு. காட்ட முதல் தளத்தின் நேர வலயத்துக்கு மாற்ற வேண்டும்.

பிறந்த திகதி அப்படி இல்லை. அது ஒரு நாள். கொழும்பில் பார்த்தாலும் லண்டனில் பார்த்தாலும் அது மாறக்கூடாது. ஆனால் நாங்கள் முதலில் பரீட்சித்த ஆயத்த பிளகின் ஒன்று பிறந்த நாளையும் ஒரு கணமாகவே, அந்த நாளின் நள்ளிரவாகச் சேமித்தது. பரீட்சித்துப் பார்த்தபோது சிலருக்குத் திகதி சரியாக வந்தது, சிலருக்கு ஒரு நாள் முந்தி வந்தது. பிழைத்தவர்களின் பட்டியலை எடுத்தால், எல்லாரும் 1996 நடுப்பகுதிக்கும் 2006 சித்திரைக்கும் இடையில் பிறந்தவர்கள். அநேகமாக எங்கட வயதுக்காரர்.

காரணம் ஒரு வரட்சி. 1996இல் மழை இல்லாமல் நீர்மின் உற்பத்தி விழுந்தபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை அரசு மே 25 அன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரைக்கும் அப்படியே இருந்தது. கணினிகள் பயன்படுத்துகிற நேர வலயத் தரவுத்தளத்தில் 'கொழும்பு' என்ற பெயருக்குக் கீழே இந்த மாற்றங்கள் எல்லாம் பதிவாகி இருக்கு. பிளகின் திகதியைச் சேமித்தது 'கொழும்பு' என்ற வலயத்தில். காட்டியது வெறும் ஐந்தரை மணித்தியாலம் என்ற கணக்கில். 1999 ஒகஸ்ட் 12 நள்ளிரவு, ஒகஸ்ட் 11 இரவு 11.30 ஆகிவிட்டது. பிறந்த நாள் போய்விட்டது.

இதைத் தேடும்போது இன்னொன்றையும் கண்டம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த நேர மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரமே அங்கே தொடர்ந்தது. அந்த நேர வலயத் தரவுத்தளத்தைப் பராமரிக்கிறவர்கள் அதையும் குறித்து வைத்திருக்கினம்: அப்பகுதியில் இருப்பவர்கள் 'கொல்கத்தா' வலயத்தைப் பயன்படுத்தலாம் என்று. அப்ப, அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் பிறந்த பிள்ளைக்கும் வவுனியா ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கும் மணிக்கூடு வேற வேற. 'நாடு: இலங்கை, நேரம்: கொழும்பு' என்று ஒரு பெட்டியில் தெரிவுசெய்தால் எல்லாரும் அடங்கிவிடுவினம் என்று மென்பொருள் நினைக்குது. எங்கட சனம் அப்படி அடங்கினதில்லை.

தீர்வு எளிது. பிறந்த திகதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வெறும் எழுத்தாகச் சேமியுங்கோ. காட்டும்போது ஒழுங்கை மட்டும் மாற்றுங்கோ. நேர வலயம் அதற்குக் கிட்டவும் வரக்கூடாது.

அடுத்தது, முழுத் திகதி இல்லாதவர்கள். இடம்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள், பிறந்ததே பதியப்படாதவர்கள் எங்கட பெரியாக்களில் இருக்கினம். 'மாரி வெள்ளம் வந்த வருசம்' என்று சொல்லுவினம். படிவத்தில் நாளும் மாதமும் கட்டாயம் என்று வைத்தால், உதவிக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை ஜனவரி 1 என்று போட்டுவிடும். பிறகு ஒவ்வொரு புதுவருசத்துக்கும் அந்த ஆச்சிக்குத் தளம் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும். நாங்கள் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பெட்டியாக்கினம். எதையும் வெறுமையாக விடலாம். ஆண்டு மட்டும் தெரிந்தால் '1948' என்று மட்டும் வரும். அதுவும் சரியாகத் தெரியாவிட்டால் '1948 அளவில்'.

திகதி தெரிந்தவர்களுக்கும் ஒரு கேள்வி: அதை ஆருக்குக் காட்டுறது? எங்கட புதிய அடையாள அட்டை இலக்கத்தின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஒருவரின் முழுப் பிறந்த திகதியைப் பொதுவில் போட்டால், அடையாள அட்டையின் ஏழு இலக்கத்தை நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. இலக்கத்தில் இருந்தே திகதியைக் கணக்கிடலாமே என்று ஒரு தோழர் கேட்டார். அதிலும் ஒரு பொறி இருக்கு. அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள். சாதாரண ஆண்டுகளில் மார்ச்சுக்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கணினியின் வழமையான கணக்கு ஒரு நாள் பிந்திக் காட்டும். நாங்கள் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கவே இல்லை. பொதுவில் காட்டுவது நாளும் மாதமும் மட்டும், அதுவும் அவர் விரும்பினால்.

கடைசியாக வந்ததுதான் கனமானது. பழைய மாணவர் என்றால் இறந்தவர்களும் அடக்கம். புரொபைலில் 'மறைவு' என்றொரு திகதிப் பெட்டி இருந்தது. நிரப்பினால் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு வரும். நிரப்பாவிட்டால் அவர் உயிரோடு இருப்பவர். வயது தானாக ஏறிக்கொண்டு போகும். காணாமல் ஆக்கப்பட்ட ஒரு அண்ணாவின் பக்கத்தை அவரின் குடும்பத்தோடு இருந்து நிரப்பும்போது, இந்த இரண்டும் போதாது என்று விளங்கியது. அவரின் அம்மா மறைவுத் திகதி எழுதமாட்டார். எழுதச் சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவருக்கு இன்றைக்கு எத்தனை வயது என்று ஒரு இயந்திரம் ஒவ்வொரு வருசமும் கூட்டிச் சொல்வதையும் அவர் பார்க்க வேண்டுமா?

நாங்கள் வயதைக் காட்டுகிற வரியை எல்லாரின் பக்கத்திலிருந்தும் எடுத்தம். மறைவுப் பெட்டிக்குக் கீழே, குடும்பம் தன் சொல்லில் எழுத ஒரு வெறும் இடம் விட்டம். திகதிக்கான வடிவம் எதுவும் அதற்கு இல்லை. அதில் அந்த அம்மா எழுதினது ஒரு மாதத்தின் பெயரும் ஒரு இடத்தின் பெயரும், 'கடைசியாகக் கண்டது' என்பதும்தான். அதை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் காட்டுறம்.