பட்டு வாங்கப் போனால் பருத்திக்குன்றமும் பாருங்கள்!

வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், பெண்டுகள் வாயில் முதலில் வருகிற ஊர் காஞ்சிபுரம்தான். காலை பஸ்ஸில் கிளம்பி, நாலு கடை ஏறி இறங்கி, முகூர்த்தப் பட்டு எடுத்து, காமாட்சி அம்மனையும் வரதராஜப் பெருமாளையும் சேவித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை போகும்போது இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஊரின் தென்மேற்கு ஓரத்தில், வேகவதி ஆற்றங்கரையில், திருப்பருத்திக்குன்றம் என்ற சின்ன ஊர் இருக்கிறது. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டி ஆட்டோவில் போனால் சீக்கிரமே போய்ச் சேரலாம்.

சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது ஜின காஞ்சி. சமணர்களின் பழைய இருப்பிடம். பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் இருந்த வஜ்ரநந்தி என்ற சமண குரவருக்குத் தானம் கொடுத்ததைப் பள்ளன்கோவில் செப்பேடு சொல்கிறது. அத்தனை பழமை! சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு ஒரு கோயில், வர்த்தமானருக்கு ஒரு கோயில் என இரண்டு கோயில்கள் இங்கே உண்டு. வர்த்தமானர் கோயிலைத் திரைலோக்கியநாதர் கோயில் என்பார்கள். கூட்டமில்லை, தள்ளுமுள்ளு இல்லை. மண்டபத்துக் கல் தரையில் உட்கார்ந்தால் கால் வலி பாதி போய்விடும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், என்னோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா பையைத் திறந்தார். தை மாதம் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். புடவைக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு மாதிரிப் பத்திரிகைகள்! ஒன்று பெட்டி மாதிரி திறக்கிறது, ஒன்றில் வெல்வெட், ஒன்றில் தங்க எழுத்து.

"இதுல எது எடுக்கலாம், சொல்லேம்மா. சம்பந்தி வீட்டுல ஒரு பத்திரிகை நாற்பது ரூபாயில அடிக்கறாங்களாம். நாம குறைச்சலா அடிச்சா நல்லாவா இருக்கும்?"

"எத்தனை பத்திரிகை அக்கா அடிக்கப் போறீங்க?"

"ஐந்நூறாவது வேண்டாமா?"

நாற்பது ரூபாய் வீதம் ஐந்நூறு என்றால் இருபதாயிரம். இதற்கு மேல் தபால் செலவு, ஆட்டோ, பெட்ரோல். கல்யாணத்துக்கு முன் இரண்டு மாதம் வெயிலில் அலைந்து, முகூர்த்தத்தன்று நிற்கத் தெம்பில்லாமல் போகிற அம்மாக்கள் எத்தனை பேர்! பல வீடுகளில் இந்தச் செலவும் கடனோடு கடனாகச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் பத்திரிகையோ, கல்யாணம் முடிந்த மறுநாள் பழைய பேப்பரோடு போகிறது. இதை எப்படிக் குறைப்பது? பதில் அந்தக் கோயிலிலேயே இருந்தது.

கல்லில் வெட்டிய பத்திரிகை

நாங்கள் உட்கார்ந்திருந்தது சங்கீத மண்டபம். கட்டியவர் இருகப்பர். விஜயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரர் காலத்துத் தளபதி. சொற்களுக்குப் பொருள் சொல்லும் 'நானார்த்த ரத்னமாலா' என்ற சமஸ்கிருத நிகண்டை எழுதியவரும் இவரே. இவ்வளவு சொல் தெரிந்த மனிதர் இங்கே விட்டுப்போன கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன தெரியுமா? 1382-இல், துந்துபி வருஷத்தில், மகேந்திரமங்கலம் என்ற கிராமத்தைக் கோயிலுக்குக் கொடுத்தார். 1387-88-இல், பிரபவ வருஷத்தில், தம் குரு புஷ்பசேனர் சொற்படி இந்த மண்டபத்தைக் கட்டினார். யார், யாருடைய மகன், யார் சொல்லி, என்ன செய்தார், எந்த வருஷம்... இவைதான் முக்கியச் செய்தி. அறுநூறு வருஷம் கழித்தும் நமக்கு விஷயம் புரிகிறது!

கல்யாணப் பத்திரிகைக்கும் இவ்வளவு போதும். யாருக்கும் யாருக்கும் கல்யாணம், அவர்கள் யாருடைய பிள்ளைகள், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த மண்டபம். அழைப்பவர் பெயரும் ஒரு போன் நம்பரும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று நாற்பது பெயரைப் போட்டால் பக்கம் கூடும், செலவு கூடும். யார் பெயராவது விட்டுப்போனால் மனஸ்தாபமும் கூடும். தாத்தா பாட்டி, பெற்றோர் பெயரோடு நிறுத்திவிட்டு, "சுற்றமும் நட்பும்" என்று ஒரு வார்த்தையில் எல்லோரையும் அடக்கிவிடலாம். யாருக்கும் குறை இருக்காது.

இன்னொரு பாடமும் அந்தக் கல்வெட்டில் உண்டு. துந்துபி, பிரபவ என்ற பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வருபவை. 1982-83-லும் துந்துபி வந்தது, 1987-88-லும் பிரபவ வந்தது. வருஷப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் மற்ற விவரங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் பத்திரிகையில் தமிழ்த் தேதியோடு இங்கிலீஷ் தேதியும் கிழமையும் கட்டாயம் இருக்கட்டும். "காலை" என்று போட்டாலும் 4.30-லிருந்து 6 என்று மணியையும் போடுங்கள்.

கல்லில் தப்பாக வெட்டினால் அழிக்க முடியாது. அச்சிலும் அப்படித்தான். பிழை வந்தால் திரும்ப அடிக்கும் செலவு முழுக்க நம் தலையில் விழும். அதனால் புரூஃப் வந்ததும் ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் நிச்சயதார்த்த ஓலையையும் மண்டப ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். இனிஷியல், படிப்பு, முகூர்த்த நேரம், மண்டபத்து விலாசம் இந்த நாலிலும் கவனம் தேவை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கும்வரை அச்சுக்கே கொடுக்காதீர்கள்.

கூரையில் ஒரு கல்யாணக் கதை

மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். விதானம் முழுக்கச் சித்திரங்கள்! ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறு வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. சித்திரங்களின் கீழே விளக்கக் குறிப்புகளும் உண்டு. இந்தக் கோயிலைப் பற்றி டி. என். ராமச்சந்திரன் எழுதிய தனி நூலையே சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-இல் வெளியிட்டது.

நேமிநாதர் கதை உங்களுக்குத் தெரியுமோ? அவர் கண்ணனுக்கு உறவு. உக்கிரசேனர் மகள் ராஜிமதியோடு கல்யாணம் நிச்சயமாகிறது. மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டை நெருங்குகிறது. வழியில் பட்டிகளில் அடைபட்ட ஆடும் மானும் கதறுவது காதில் விழுகிறது. "இவை எதற்கு?" என்று கேட்கிறார். "உங்கள் கல்யாண விருந்துக்குத்தான்" என்கிறான் தேர்ப்பாகன். அந்த இடத்திலேயே தேரைத் திருப்பிவிட்டுக் கிர்நார் மலைக்குத் துறவறம் போய்விட்டார் நேமிநாதர் என்பது சமணர் மரபு.

அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை, அம்மா! பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக வாழட்டும். ஆனால் "இவ்வளவும் யாருக்காக, எதற்காக?" என்ற அந்த ஒரு கேள்வியை நாமும் கேட்டுக்கொள்ளலாம். கதையை அக்காவுக்குச் சொல்லி முடித்ததும் அவர் வெல்வெட் பத்திரிகையைப் பைக்குள் போட்டுவிட்டார். "சரி, ஒரு நோட்டு எடு. கணக்குப் போடலாம்" என்றார்.

தலையை எண்ணாதீர்கள், வீட்டை எண்ணுங்கள்

நாங்கள் போட்ட கணக்கு இதுதான். அழைக்க வேண்டியவர்களை ஊர் வாரியாக, தெரு வாரியாக எழுதினோம். ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தாலும் ஒரு பத்திரிகைதான். எழுதி முடித்தால் ஐந்நூறு என்று நினைத்தது 260 வீடாகச் சுருங்கிவிட்டது! கைவசம் இருக்கட்டும் என்று 300 அடித்தால் போதும். பன்னிரண்டு ரூபாய்ப் பத்திரிகை என்றால் 3,600 ரூபாய். இருபதாயிரத்தில் 16,400 ரூபாய் மிச்சம்!

பிரஸ்ஸுக்குப் போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

• பட்டியல் முடியாமல் எண்ணிக்கை சொல்லாதீர்கள். ஆப்செட் அச்சில் பிளேட் போடும் செலவு எத்தனை அடித்தாலும் ஒன்றுதான். முதலிலேயே 40 அதிகம் அடிப்பது மலிவு. பிறகு தனியாக 40 அடிப்பது விலை கூடுதல்.

• சிவகாசியில் தயாராகும் ரெடிமேட் கார்டுகளில் வாசகம் மட்டும் அச்சடித்துக்கொள்ளலாம். சென்னைவாசிகள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நாலு கடை விசாரித்து வாங்கலாம்.

• தங்க எழுத்து, பெட்டி, உறைக்குள் உறை வேண்டாம். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்துக்கு இல்லாத மங்களமா? நாலு மூலையிலும் வீட்டு மஞ்சளைக் குழைத்துத் தடவினால் கல்யாணக்களை தானே வரும்.

• ரிசப்ஷனுக்குத் தனிப் பத்திரிகை வேண்டாம். அதே தாளில் கீழே இரண்டு வரி போதும்.

• தபால் கட்டணம் எடைக்குத் தக்கபடி. தடித்த அட்டை என்றால் ஸ்டாம்பும் கூடும். அச்சடிக்கும் முன் மாதிரி ஒன்றைத் தபாலாபீஸில் எடை போட்டுப் பாருங்கள்.

• இரு வீட்டாரும் ஒரே பத்திரிகையைச் சேர்ந்து அடித்தால் செலவு இன்னும் குறையும். சம்பந்தியம்மாவிடம் தயங்காமல் கேளுங்கள். அவர்களும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள்!

அலைச்சலுக்கும் அளவு உண்டு

பணம் மிச்சமானால் போதுமா? உடம்பு என்ன ஆவது? பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: நேரில், தபாலில், போனில்.

நேரில் போக வேண்டியவர்கள் பெரியவர்கள், தாய்மாமன் வீடு, பங்காளிகள், நம் துக்கத்திலும் நின்றவர்கள். இவர்களை வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு அழைத்தால்தான் மனசு நிறையும். ஒரு திசைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்குள்ளும் மாலை நாலுக்கு மேலும் போங்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையையும் ஆகாரத்தையும் தள்ளிப்போடக் கூடாது. "ஒரு வாய் காபி" என்று பத்து வீட்டில் குடித்தால் ராத்திரி தூக்கம் போகும், மோர் கேளுங்கள்!

வெளியூரில் ஏழெட்டு வீடு இருந்தால், அந்த ஊரில் மூத்தவர் ஒருவரிடம் உரிமையோடு கொடுத்து வினியோகிக்கச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள். அலுவலகத்தார், பழைய சிநேகிதிகள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் போதும். வெறும் படத்தை மட்டும் அனுப்பாமல் "அக்கா, கட்டாயம் வரணும்" என்று குரலில் ஒரு வார்த்தை பேசி அனுப்புங்கள். ஜனங்களுக்கு வேண்டியது அந்த வார்த்தைதான்.

கல்யாணம் முடிந்ததும் பத்துப் பத்திரிகையைப் பீரோவில் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். கல்யாணமான 90 நாட்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அப்போது அழைப்பிதழையும் கேட்பது வழக்கம். அங்கே யாரும் வெல்வெட்டா என்று பார்ப்பதில்லை. பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

திருப்பருத்திக்குன்றத்தை விட்டு வெளியே வருவதற்கு முன், கோயிலுக்குள் இருக்கும் குரா மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த மரம் தன் அளவில் குறையாமலும் கூடாமலும் நின்று, அரசனின் நல்லாட்சியைக் காட்டுகிறது என்று புகழ்கிறது ஒரு பழைய வெண்பா. நம் வீட்டில் நல்லாட்சி நடத்த வேண்டியவர்கள் நாம்தானே! அழைக்க வேண்டியவர்களில் ஒருவரும் குறையக் கூடாது, செலவில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடக் கூடாது. முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்துவிட்டு, தெம்பாக நடையைக் கட்டுங்கள்.