காட்டு முகாமுக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை ஆண்மக்களுக்குக் கட்டாயம். எங்கள் மூத்த மகனின் முறை வந்தபோது, புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகில் நாங்களும் உடன் சென்றோம். அவன் உறங்கவிருந்த கட்டிலைக் கண்டோம்; உறுதிமொழி எடுப்பதைக் கேட்டோம்; உணவுக்கூடத்தில் ஹலால் உணவை அவனோடு அமர்ந்து உண்டோம். உணவைப் பற்றிய கவலை அங்கேயே தீர்ந்தது. தொழுகையைப் பற்றிய கவலையுடன் திரும்பினோம்.

அடிப்படைப் பயிற்சி பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 9 வாரங்கள். முதல் இரு வாரங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஓட்டம், தண்டால், துப்பாக்கிப் பயிற்சி எனப் பகல் கழியும். ஃபஜ்ர் நேரமும் காலை அணிவகுப்புக்கு ஆயத்தமாகும் நேரமும் அங்கே ஏறக்குறைய ஒன்றே. வீட்டிலோ, மூன்று முறை குரல் கொடுத்தே அவனை எழுப்பி வந்தோம்.

முதல் விடுப்பில் வந்தவனிடம் வாசலிலேயே கேட்டோம்: "தொழுதியா தம்பி?"

"சில நாள் விட்டுப் போச்சுத்தா," என்றான். முகம் பார்க்காமல் உள்ளே சென்று உறங்கிவிட்டான்.

அடுத்து வந்தது காட்டு முகாம். குளிக்க இயலாது, பவுடர் பூசிக்கொள்வதே குளியல். அங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெற்றோரிடம் கடிதம் கேட்டார்கள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தோம். தொழு, தொழு என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. அவன் களைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிழித்துவிட்டு மீண்டும் எழுதினோம்:

"கால் கொப்புளம் ஆறிடுச்சா? குடிக்க மட்டுமே தண்ணீர் இருந்தால் தயம்மும் செய்துகொள். விடுபட்டதைக் களா செய்யலாம், அல்லாஹ் கருணையாளன். ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக துஆ செய்கிறோம்."

24 கிலோமீட்டர் நடைப்பயணத்தையும் முடித்து அவன் வீடு வந்தபோது, அக்கடிதம் அவனது பையில் நான்காக மடிந்து கிடந்தது. தொழுகை இன்னும் எப்போதாவது தவறுகிறது. அதை நாங்கள் கேட்குமுன் அவனே சொல்கிறான், களாவும் செய்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.

மகனை அனுப்பவிருக்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: தயம்மும், களாச் சட்டங்களை முன்கூட்டியே கற்றுக்கொடுங்கள். ஃபஜ்ருக்கு எழும் பொறுப்பைச் சில மாதங்களுக்கு முன்பே அவனிடம் ஒப்படையுங்கள். அவன் திரும்பி வரும் நாளில், கேள்விக்கு முன் ஸலாம் சொல்லுங்கள், சோறு போடுங்கள்.