பள்ளியா, பாலியா?

சொந்த ஊர் திருவெள்ளறைங்க. ஆபீஸ்ல யாராவது கேட்டா 'திருச்சி பக்கம்'னு முடிச்சிருவேன். போன மாசம் மும்முரமா ஆணி புடுங்கிட்டு இருந்தப்ப, ஷெர்லாக் ஹோம்ஸ் பைத்தியமான வெள்ளைக்கார நண்பர் ஒருத்தர் கேட்டார். "ட்ரிச்சினாபாலி உங்க ஊராமே? அந்த 'பாலி'ன்னா என்ன?"

1887-ல வந்த முதல் ஹோம்ஸ் கதையில, கொலைகாரன் பிடிச்சது ட்ரிச்சினாபாலி சுருட்டுன்னு சாம்பலை வச்சே ஹோம்ஸ் சொல்லிடுவார்.

நாமதான் என்ஜினியராச்சே! "மோனோபாலி மாதிரிதான். கிரேக்கத்துல பாலின்னா 'பல'"ன்னு அடிச்சு விட்டேன்.

ராத்திரி அம்மாகிட்ட போன்ல பெருமையா சொன்னேன்.

"ஏண்டா, ஸ்ரீரங்கத்துல பெருமாள் என்ன பண்றார்?"

"பள்ளி கொண்டிருக்கா..."

பொளேர்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

சம்பந்தர் பாடின சிராப்பள்ளிதான் வெள்ளைக்காரன் வாயில 'சினாபாலி' ஆயிருக்கு. பள்ளின்னா படுக்கை, சமணர் தங்கின இடம், ஊர், பள்ளிக்கூடம்னு எத்தனை அர்த்தம்! மலைக்கோட்டைக் குகையில கல்லுல வெட்டின சமணப் படுக்கைகள் இன்னைக்கும் இருக்கு. கிரேக்கத்துக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. சுருட்டுக்கு இங்கிலீஷ்ல 'ஷெரூட்'னு ஒரு பேர் இருக்கே, அதுவும் நம்ம 'சுருட்டு'தான்.

சரி, மோனோபாலியாவது சரியா சொன்னோமான்னு தேடினா, அதுல வர்ற பாலி 'பல' இல்லையாம். 'விற்கிறது'! ரெண்டும் அவுட்.

மறுநாள் நண்பர்கிட்ட தப்பை ஒத்துக்கிட்டேன். சிரிச்சுட்டு, "அப்ப உங்க ஊர் பேருக்கு என்ன அர்த்தம்?"னார்.

இந்த தடவை அம்மாவைக் கேட்டுட்டுதான் சொன்னேன். வெள்ளறையில வர்ற 'அறை' ரூம் இல்லீங்க, பாறை. வெள்ளைப் பாறை. இப்பல்லாம் யார் கேட்டாலும் திருச்சி பக்கம்னு சொல்றதில்லை. திருவெள்ளறைதான்.