நடுங்கிய பாவு நூல்கள்

மகேஷ்வரில் கைத்தறி குறித்த களப்பணியின்போது நான் படமெடுத்த முதிய நெசவாளர் மறைந்துவிட்டார். அப்படங்களை அவர் மனைவி கேட்டார். வீட்டில் கணினி இல்லை. பழைய தொலைக்காட்சியும் டிவிடி பிளேயருமே உண்டு.

முதல் வட்டில் கணவரின் முகம் கட்டங்கட்டமாகச் சிதைந்தது. தறியின் பாவு நூல்கள் ஓயாமல் நடுங்கின. அம்மையார் குறை சொல்லவில்லை. தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார். அதுதான் என்னை உறுத்தியது.

பிழை என்னுடையது. நம் நாட்டு பிஏஎல் முறை டிவிடியில் ஒரு சட்டகம் 720×576 புள்ளிகளே. ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறிமாறி ஒளிரும் திரையில், அளவுக்கு மீறிய கூர்மையுள்ள கிடைக்கோடுகள் நடுங்கும். ஆகவே படங்களை நானே அந்த அளவுக்குச் சுருக்கி, செங்குத்துத் திசையில் சற்றே மென்மையாக்கினேன். இரண்டு மணி நேரக் காட்சிக்கென மென்பொருள் தாழ்த்தி வைத்திருந்த பிட் வீதத்தை நொடிக்கு 8 மெகாபிட்டாக உயர்த்தினேன். 20 நிமிடக் காட்சிக்கு 4.7 ஜிபி வட்டில் இடம் தாராளம். சுருக்காத மூலப் படங்களையும் அதிலேயே தனிக் கோப்புறையில் சேர்த்தேன்.

இரண்டாம் வட்டில் நூல்கள் அசையவில்லை. அம்மையாரும் கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஆய்வேட்டின் படங்களுக்கு நாம் காட்டும் கவனம், தகவலாளிக்குத் திருப்பித் தரும் படங்களுக்கும் உரியதன்றோ?